பத்து பேருமே தூங்கிட்டாங்க

எனக்கு ஒம்பது வயசு இருக்கும். ஒரு நாள் ஸ்கூல் விட்டு வீட்டுக்கு வந்தா கதவு தொறந்து கெடக்கு, ஃபேன் சுத்திக்கிட்டு இருக்கு, வீட்ல ஒருத்தரையும் காணோம், அம்மா செருப்பு மட்டும் வாசல்லயே கெடக்கு. வேற புள்ளையா இருந்தா பக்கத்து வீட்ல போய் பாத்திருக்கும். நான் என்ன நெனைச்சேன்னா, அவ்ளோதான், இயேசுவோட ரெண்டாம் வருகை வந்துடுச்சு, எல்லாரும் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டாச்சு, நான் மட்டும் கைவிடப்பட்டுட்டேன்! முந்தின நாள் தம்பியோட பென்சில ஒளிச்சு வச்சது அப்போதான் ஞாபகம் வருது. முதுகுல பையோட நின்னு தேம்பித் தேம்பி அழுதேன். அம்மா மாடில காஞ்ச துணிய எடுத்துட்டு வெறுங்கால்ல இறங்கி வந்தாங்க.

விசுவாச குடும்பத்துல வளர்ந்த நெறைய பேர்கிட்ட இந்த மாதிரி ஒரு கதை இருக்கும், சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க. ஆனா அந்த பயம் எனக்கு ரொம்ப வருஷம் போகல. "ஆயத்தமா இருங்க"ன்னு யாராச்சும் பிரசங்கத்துல சொன்னா எக்ஸாம் ஹால் வாசல்ல நிக்குற மாதிரி வயித்தக் கலக்கும். உடனே என்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பேன், காலைல அஞ்சு மணி ஜெபம், ஒரு நாளைக்கு நாலு அதிகாரம்னு ஆரம்பிப்பேன், பத்து நாள் ஓடும், அப்புறம் பழைய குருடி கதவத் தொறடி கதைதான்.

பைபிள்ல மத்தேயு 25ஆம் அதிகாரத்துல இயேசு சொன்ன பத்து கன்னிகைகள் கதைய எத்தனையோ தடவ கேட்டிருக்கேன், படிச்சிருக்கேன். மணவாளன எதிர்கொள்ள பத்து பேர் விளக்கோட காத்திருக்காங்க, அதுல புத்தியுள்ள அஞ்சு பேர் மட்டும் பாத்திரத்துல எண்ணெயும் எடுத்துட்டு வந்திருக்காங்க. ஒரு நாள் நிதானமா படிக்கும்போதுதான் 5ஆம் வசனம் கண்ணுல பட்டுச்சு. மணவாளன் வர லேட்டாகுது, எல்லாரும் தூங்கிடுறாங்க. எல்லாருமேங்க, புத்தியுள்ள அஞ்சு பேரும் சேத்துதான்! நான் அதுவரைக்கும் அந்த அஞ்சு பேரும் கொட்டக் கொட்ட முழிச்சிட்டு இருந்தாங்கன்னே நம்பிட்டு இருந்தேன். வித்தியாசம் பாத்திரத்துல எண்ணெய் இருந்துச்சா இல்லையாங்கிறதுல மட்டும்தான். ஆனா 13ஆம் வசனம் விழிச்சிருங்கன்னுதான் முடியுது, அப்போ விழிப்புங்கிறது தூங்காம பதட்டமா இருக்குறது இல்லன்னு தோணுச்சு. எண்ணெய்னா என்னன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, அதுல நான் சண்டைக்குப் போகல. அது முன்னாடியே சேத்து வைக்கிற ஒண்ணு, நடு ராத்திரில அடுத்தவங்ககிட்ட கடன் வாங்க முடியாத ஒண்ணு, அது மட்டும் கதைல தெளிவா இருக்கு.

அப்புறம் பைபிள்லயே தீத்துங்கிற புத்தகம், 2ஆம் அதிகாரம், 11லருந்து 13 வரைக்கும். அதுல இயேசுவோட வருகைய எதிர்பாத்துக் காத்திருக்க நமக்குக் கத்துக் கொடுக்குறதே கிருபைதான்னு வருது, பயம்னு போடல. இத்தன நாள் நான் வேற வாத்தியார்கிட்ட படிச்சிருக்கேன் போல.

இத எப்படி தினசரி வாழ்க்கைல கொண்டு வர்றதுன்னு தெரியாம முழிச்சப்போ ஒரு கத்தோலிக்க ஃப்ரெண்ட் இயேசு சபைய ஆரம்பிச்ச புனித இஞ்ஞாசியார் சொல்லிக் கொடுத்த ஒரு பழக்கத்தச் சொன்னாங்க. அவரு 16ஆம் நூற்றாண்டு ஆளு. அன்னன்னைக்கு நாள திரும்பிப் பாக்கணும், ஆனா வரிசைல மொதல்ல வர்றது நன்றி, அதுக்கப்புறம்தான் பாவத்தத் தேடுறது. நான் தலைகீழா பண்ணிட்டு இருந்தேன், மொதல்லயே குத்தப்பத்திரிக்கைய எடுத்துட்டு உக்காந்துடுவேன்.

இப்போ தலைமாட்டுல ஒரு நோட்டு இருக்கு. படுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு வரி. கூட வேலை பாக்குற ஒருத்தருக்கு ஒரு நாள் சுருக்குன்னு குத்துற மாதிரி மெசேஜ் டைப் பண்ணி முடிச்சேன், அனுப்புற நேரம் பாத்து நெட் கட், திரும்ப வர்றதுக்குள்ள கோவம் இறங்கிடுச்சு, டெலிட் பண்ணிட்டேன். அன்னைக்கு ராத்திரி நோட்டுல கிருபைன்னு எழுதினது அதத்தான். அதுக்காக பார்க்கிங்ல இடம் கெடைச்சா அதுவும் கிருபைன்னு சொல்றது எனக்குப் பிடிக்காது, அப்போ இடம் கெடைக்காம சுத்துறவருக்கு என்ன பதில் சொல்றது? வனாந்தரத்துல இஸ்ரவேலருக்கு ஆண்டவர் கொடுத்த மன்னாங்கிற அப்பம் மாதிரிதான் இதுவும், அன்னன்னைக்குப் பொறுக்கணும். பயந்துக்கிட்டு மறுநாளுக்குன்னு எடுத்து வச்சா புழு பிடிச்சு நாறிடும்னு யாத்திராகமம் 16ல இருக்கு. போன வருஷம் ஆண்டவர் செஞ்சதச் சொன்ன சாட்சிய வச்சு இந்த வருஷம் ஓட்டுறது அப்படித்தான்.

ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு போன். அப்பாவுக்கு நெஞ்சு வலி. வண்டில போகும்போது பெருசா ஜெபம் பண்ணணும்னு பாக்குறேன், வாய்ல ஒரு வார்த்தை வரல. சபை கன்வென்ஷன் கூட்டத்துல கேட்டது, மனப்பாடம் பண்ணினது எதுவும் வரல. வந்தது அன்னைக்கு நோட்டுல எழுதின வரிதான், "அப்பா இன்னைக்கு போன்ல விழுந்து விழுந்து சிரிச்சாங்க, நன்றி ஆண்டவரே". ஆஸ்பத்திரி போற வரைக்கும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிட்டுப் போனேன். பயம் இருந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன், ஆனா அந்த ஒம்பது வயசு பயம் இல்ல, தனியா விடப்பட்ட மாதிரி இல்ல. அப்பா தேறிட்டாங்க, இப்போ நல்லா இருக்காங்க.

நேத்து செம டயர்ட். நோட்ட எடுத்து "இன்னைக்கு"ன்னு ஒரு வார்த்தை எழுதினதுதான் ஞாபகம் இருக்கு, அப்படியே தூங்கிட்டேன் போல. காலைல பாத்தா பேனா மூடாம கெடந்து பெட்ஷீட்ல நல்ல பெரிய இங்க் கறை.