எந்தச் சட்டகத்தில் விழுந்தது? காணொளியில் எண் பொறித்து அளந்த செயற்றிட்ட அனுபவம்

பௌதிகவியல் செயற்றிட்டத்துக்காகக் காணொளியை அளவீட்டுக் கருவியாகப் பயன்படுத்த எண்ணும் மாணவர்கள், படப்பிடிப்பைப் பற்றி யோசிப்பதற்கு முன்னரே சட்டக எண்களை, அதாவது காணொளியில் அடுத்தடுத்து வரும் தனித்தனிப் படங்களின் வரிசை எண்களை, எவ்வாறு பொறிப்பது என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இதை நான் வாய்மொழிப் பரீட்சையின்போதுதான் விளங்கிக்கொண்டேன்.

உருக்குக் குண்டொன்றை 1.5 மீற்றர் உயரத்திலிருந்து விழவிட்டு, புவியீர்ப்பு ஆர்முடுகலைக் கணிப்பதே எனது பரிசோதனை. திருகோணமலையில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் உவர்மலையில் வெட்டவெளியில், நிலைக்குத்துத் திசையைக் காட்டும் நூற்குண்டைத் தொங்கவிட்டால் அது நிலைகொள்ளாது என்பதால், வீட்டு விறாந்தையிலேயே, சுவரில் அளவுநாடாவை ஒட்டி, கைத்தொலைபேசியால் படம்பிடித்தேன். விறாந்தையில் வெளிச்சம் குறைவு. வெளிச்சம் குறையும்போது பல கைத்தொலைபேசிகள் செக்கனுக்கு எடுக்கும் சட்டகங்களின் எண்ணிக்கையைத் தாமாகவே குறைத்துக்கொள்கின்றன. அதை அறியாமல், கோப்பை முதலில் செக்கனுக்கு 30 சட்டகங்கள் என்ற நிலையான வீதத்துக்கு மாற்றிவிட்டு, அதன் பின்னர் காணொளிகளை மாற்றியமைக்கும் எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) நிரலில், படத்தின்மேல் எழுத்தைப் பொறிக்கும் டிரோடெக்ஸ்ட் (drawtext) வடிகட்டியால் எண்களைப் பொறித்தேன். பரீட்சகர் படத்தை ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தி, அடுத்தடுத்த இரு எண்களின் கீழ் குண்டு ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதைக் காட்டி, விழும் பொருள் இடையில் ஓய்வெடுக்குமா என்று கேட்டார். வீதத்தை நிரப்புவதற்காக நிரல் பிரதிசெய்த சட்டகத்துக்கும் நான் புதிய எண் கொடுத்திருந்தேன். எனது கணக்கு முழுவதும் அத்துடன் வலுவிழந்தது.

ஆகவே வடிகட்டிகளின் ஒழுங்கைக் கவனியுங்கள். எண் பொறிக்கும் படி முதலில் வர வேண்டும். வீதத்தை மாற்றுவது, வெட்டுவது, அளவைச் சுருக்குவது எல்லாம் அதற்குப் பின்னரே. அப்போது பிரதிசெய்யப்பட்ட சட்டகம் பழைய எண்ணையே தாங்கி நிற்கும், பார்த்தவுடன் பிடிபட்டுவிடும். முதலில் வெட்டிவிட்டுப் பொறித்தால் எண்ணிக்கை மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கி, மூலக்கோப்புடன் ஒப்பிட முடியாமற்போகும். எண்ணுக்கு அருகில் அச்சட்டகத்தின் நேரமுத்திரையையும், அதாவது காணொளியில் அது வரும் நேரத்தையும், பொறிப்பது மிகவும் நல்லது. சட்டகங்களுக்கிடையிலான இடைவெளி சீராக இருக்கிறதா என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும். அவிசிந்த் (AviSynth) என்ற காணொளித் தொகுப்புக் கருவியைப் பயன்படுத்துவோருக்கு எண்ணைக் காட்டுவதற்கென்றே ஷோஃபிரேம்நம்பர் (ShowFrameNumber) என்ற கட்டளை உண்டு. அங்கும் இதே ஒழுங்கு பொருந்தும்.

வீதத்தின் முக்கியத்துவத்தை எண்களே சொல்லும். 1.5 மீற்றர் விழுவதற்கு ஏறத்தாழ 0.55 செக்கன் எடுக்கும். செக்கனுக்கு 30 சட்டகங்கள் எனில் அது 16 அல்லது 17 சட்டகங்கள். 16 என எண்ணினால் ஆர்முடுகல் 10.55 என்றும், 17 என எண்ணினால் 9.34 என்றும் வரும். ஒரேயொரு சட்டகத்தின் வழு இவ்வளவு தூரம் இழுத்துச் செல்கிறது. மெதுவியக்க முறையில் செக்கனுக்கு 240 சட்டகங்கள் எடுத்து இரண்டாம் முறை அளந்தபோது எனக்கு 133 சட்டகங்கள் கிடைத்தன, விடை 9.77. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சில கைத்தொலைபேசிகள் மெதுவியக்கக் காணொளியை 30 என்ற வீதத்திலேயே சேமிப்பதால், நேரமுத்திரை அதே விழுகையை 4.43 செக்கன் என்று காட்டும். அதை நம்பிக் கணித்தால் 0.15 என்ற விடைதான் வரும். அத்தகைய கோப்பில் சட்டக எண்ணை எடுத்து, படம்பிடித்த வீதத்தால் வகுப்பதே சரியான வழி.

தமிழில் தலைப்போ குறிப்போ பொறிக்க விரும்புவோர் இன்னொரு தடையைச் சந்திப்பார்கள். படங்களைக் கையாளும் நிரலகமான ஓப்பன்சிவியின் (OpenCV) புட்டெக்ஸ்ட் (putText) கட்டளை தமிழ் எழுத்துகளுக்குப் பதிலாகக் கேள்விக்குறிகளையே வரைகிறது. வேறு சில கருவிகளில் எழுத்துகள் வந்தாலும், ‘கொ’ போன்றவற்றில் கொம்பு இடம்மாறி, சொல் சிதைந்துவிடுகிறது. குறிப்புகளை உபதலைப்புக் கோப்பாக எழுதி, உபதலைப்புகளை வரையும் லிப்ஆஸ் (libass) நிரலகத்தின் வழியாகப் படத்தில் பதிப்பதே நான் கண்ட நம்பகமான வழி. எண்ணை மட்டும் டிரோடெக்ஸ்டிடம் விட்டுவிடுங்கள். விண்டோஸில் எழுத்துருக் கோப்பின் பாதையில் வரும் முக்காற்புள்ளியை அவ்வடிகட்டி தனது பிரிப்புக்குறியாக எடுத்துக்கொள்ளும் என்பதால், எழுத்துருவை, கட்டளையை இயக்கும் கோப்புறையிலேயே வைத்து, அதன் பெயரை மட்டும் கொடுப்பது வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

எண்ணின் பின்னால் கறுப்புப் பெட்டி இருக்கட்டும்; வெள்ளைச் சுவரின் முன் வெள்ளை எண் மறைந்துவிடும். பொருள் கடந்துசெல்லாத மூலையில் அதை வையுங்கள். அறிக்கையுடன் மூலக்கோப்பு, பொறித்த கோப்பு, எண்ணைப் பொறிக்க நீங்கள் எழுதிய கட்டளைகள் அடங்கிய நிரல் ஆகிய மூன்றையும் சேர்த்தே ஒப்படையுங்கள். இரண்டாம் முறை பரீட்சகர் நிரலைத் தமது கணினியிலேயே இயக்கி, குண்டு தரையைத் தொட்ட சட்டகத்தைத் தாமே தேடி எடுத்துப் பார்த்த பின்னர்தான் அடுத்த கேள்விக்குச் சென்றார்.