ஏழாவது ஃபவுல்

கூடைப்பந்தில் தோற்கிற அணி கடைசி நிமிடத்தில் ஃபவுலுக்கு மேல் ஃபவுல் செய்து ஆட்டத்தை இழுத்தடிக்கிறது என்று அலுத்துக்கொள்ளாத ரசிகரே கிடையாது. அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரியில் வேலை பார்த்தபோது, ஆண்கள் கூடைப்பந்து ஆட்டங்களுக்கு ஸ்கோரர் மேசையில் உட்கார்ந்து ஃபவுல் கணக்கு எழுதுவதும் என் தலையில் விழுந்தது. அங்கே உட்கார்ந்த பிறகு அந்த அலுப்பு எனக்குப் போய்விட்டது. ஃபவுல் செய்தால் கடிகாரம் நிற்கும், எதிரணி ஃப்ரீ த்ரோ (யாரும் மறிக்காமல் கோட்டிலிருந்து எறிவது, விழுந்தால் ஒரு புள்ளி) எறிந்து முடித்ததும் பந்து கைக்கு வர வாய்ப்பு உண்டு; அதற்காகத்தான் இந்த இழுத்தடிப்பு.

நான் இருந்த காலத்து விதி இது: 20 நிமிடப் பாதி ஒன்றில் ஓர் அணியின் ஏழாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு 'ஒன் அண்ட் ஒன்', அதாவது முதல் ஃப்ரீ த்ரோ விழுந்தால்தான் இரண்டாவது கிடைக்கும். பத்தாவதிலிருந்து எப்படியும் இரண்டு. நூற்றுக்கு 70 போடுகிறவனுக்கு ஒன் அண்ட் ஒன்னில் சராசரியாக 1.19 புள்ளி, இரண்டு எறிதல் என்றால் 1.4. 60 போடுகிறவனுக்கோ ஒன் அண்ட் ஒன்னில் ஒரு புள்ளிகூடத் தேறாது. ஆக, அடுத்த ஃபவுல் ஏழாவதிலிருந்து ஒன்பதாவதுக்குள் வருகிற அணிக்குத்தான் ஃபவுல் மலிவு.

இதில் வேடிக்கை, ஒழுங்காக ஆடிய அணிதான் மாட்டிக்கொள்ளும். ஐந்து புள்ளி பின்னால், 50 விநாடிதான் பாக்கி, பலகையில் பார்த்தால் மூன்றே ஃபவுல். அடுத்த மூன்று ஃபவுலுக்கும் எதிரணி ஓரக்கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறியும், அவ்வளவுதான். ஒவ்வொன்றுக்கும் துரத்திப் பிடிப்பதற்குள் இரண்டு மூன்று விநாடி கரைந்துவிடும். அதனால்தான் விவரமான கோச்சுகள் எட்டு நிமிடம் இருக்கும்போதே மேசைப் பக்கம் குனிந்து "எங்களுக்கு எத்தனை?" என்று கேட்பார்கள். கடைசி நிமிடத்தில் கேட்கிறவரைப் பார்த்தால் பாவமாக இருக்கும், ஆனால் மேசையில் இருப்பவன் முகத்தில் எதையும் காட்டக் கூடாது.

அப்புறம் அந்த நாடகம். வேண்டுமென்றே செய்கிறான் என்று ரெஃப்ரிக்குத் தெரியும், கூட்டத்துக்கும் தெரியும். ஆனாலும் கை பந்தை நோக்கிப் போக வேண்டும். பின்னாலிருந்து பனியனைப் பிடித்து இழுத்தால் 'ஃப்ளேக்ரன்ட்', அதாவது அத்துமீறிய ஃபவுல் ஆகிவிடும், எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோவும் கிடைக்கும், பந்தும் அவர்களிடமே இருக்கும். சில கோச்சுகள் முன்கூட்டியே ரெஃப்ரியிடம் "ஃபவுல் செய்யப்போகிறோம், கவனியுங்கள்" என்று சொல்லிவைப்பார்கள். விசில் தாமதமானால் அடி பலமாகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இந்த வித்தையின் இரண்டு பக்கத்தையும் ஒரே ஆட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் அமெரிக்கக் கல்லூரி அணிகளுக்கான 2008 என்சிஏஏ போட்டியின் இறுதி ஆட்டம், சான் அன்டோனியோ. மெம்பிஸும் கான்சாஸும் மோதின. இரண்டு நிமிடம் சொச்சம் இருக்கையில் மெம்பிஸ் 9 புள்ளி முன்னால். கான்சாஸ் ஃபவுல் செய்து ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு அனுப்ப, மெம்பிஸின் கிறிஸ் டக்ளஸ்-ராபர்ட்ஸும் டெரிக் ரோஸும் தவறவிட்டார்கள். 10.8 விநாடி இருக்கும்போது ரோஸ் இரண்டில் ஒன்றைப் போட்டார், 63-60. இப்போது ஃபவுல் செய்ய வேண்டியது மெம்பிஸ், ஏனென்றால் தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிதலுக்கே விடாமல் இரண்டு ஃப்ரீ த்ரோவோடு முடித்துவிடலாம். திட்டமும் அதுதான் என்று மெம்பிஸ் கோச் ஜான் காலிபாரி பிறகு சொன்னார். ஆனால் விசில் வரவில்லை. கான்சாஸின் ஷெரான் காலின்ஸ் தடுமாறியபடியே பந்தை மாரியோ சால்மர்ஸிடம் தள்ளிவிட, 2.1 விநாடி மிச்சமிருக்க மூன்று புள்ளி விழுந்தது. கூடுதல் நேரத்தில் கான்சாஸ் 75-68.

எல்லோரும் தவறிய ஃப்ரீ த்ரோக்களையே பேசுகிறார்கள். எனக்கு உறுத்துவது அந்த விழாத விசில்தான். எங்கள் கல்லூரி உதவிக் கோச் ஒருவர் பயிற்சி முடிவில் கடிகாரத்தில் எட்டு விநாடி வைத்து, நடுக்கோட்டைத் தாண்டுவதற்குள் பந்தின் மேல் கைவைத்து ஃபவுல் வாங்கச் சொல்வார். பையன்களுக்குச் சிரிப்பு வரும். ரெஃப்ரிக்குக் கேட்கிற மாதிரி அடி என்று கத்துவார் அவர்.