பள்ளத்தின் ஓரத்தில்: எலினார் கிப்ஸன் வகுப்புக்காக

ஜூலை 8, செவ்வாய்

அடுத்த வாரம் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு உளவியலாளர் எலினார் கிப்ஸன் பாடம். பாடப்புத்தகத்தில் அவருடைய 'விஷுவல் கிளிஃப்' (கண்ணுக்கு மட்டும் தெரியும் பள்ளம்) சோதனையின் படமும் அடியில் மூணு வரியும்தான். ஆளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் ஆளிலிருந்தே தொடங்கப் போகிறேன்.

1935, யேல் பல்கலைக்கழகம். சிம்பன்சி ஆய்வுக்குப் பேர்போன ராபர்ட் யெர்க்ஸிடம் போய் வாய்ப்புக் கேட்கிறார். அவர் எழுந்துபோய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, என் ஆய்வகத்தில் பெண்கள் கிடையாது என்றாராம். பிறகு அங்கேயே இருந்த உளவியலாளர் கிளார்க் ஹல்லிடம் சேர்ந்து 1938இல் முனைவர் பட்டம் வாங்கினார்.

ஜூலை 11, வெள்ளி

1949இல் கணவர் ஜேம்ஸுக்குக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேலை. கணவனும் மனைவியும் ஒரே இடத்தில் ஆசிரியராக இருக்கக் கூடாதென்று அங்கே விதி. எலினாருக்கு ஆய்வாளர் என்று ஒரு பெயர் மட்டும். சம்பளம் இல்லை, சொந்த ஆய்வகமும் இல்லை. இப்படியே 16 வருஷம்!

அவருக்கு இடம் கொடுத்த ஒரு பண்ணையில் வெள்ளாட்டுக் குட்டிகளை வைத்து ஒரு ஆய்வு. விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், சில குட்டிகளை ஈஸ்டர் பரிசாக யாருக்கோ தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஆய்வு அதோடு சரி. சம்பளப் பட்டியலில் இருக்கிறவர் வளர்த்த குட்டி என்றால் கை வைத்திருப்பார்களா?

ஜூலை 13, ஞாயிறு

இன்று முழுக்க அந்த விஷுவல் கிளிஃப் கண்ணாடி மேசைதான். ஒரு பாதியில் கட்டம் போட்ட துணி கண்ணாடியை ஒட்டி இருக்கும். மறுபாதியில் அதே துணி கீழே தரையில், பார்த்தால் பள்ளம் மாதிரி. நடுப் பலகையில் குழந்தை. அம்மா இந்தப் பக்கம் நின்று ஒரு தரம், அந்தப் பக்கம் நின்று ஒரு தரம் கூப்பிடுவார். ரிச்சர்ட் வாக்கோடு சேர்ந்து 1960இல் வெளியிட்டது: தவழும் வயதில் 36 குழந்தைகள், பலகையை விட்டு நகர்ந்தவை 27, பள்ளத்துப் பக்கம் போனவை மூன்றே மூன்று. சிலது கண்ணாடியைத் தட்டிப் பார்த்து, கெட்டியாக இருக்கிறதென்று கை சொல்லியும், கண் சொன்னதைக் கேட்டுத் திரும்பிவிட்டன.

ஆழம் தெரிவது 'பிறவி அறிவு' என்பதற்கு இந்தக் குழந்தைகளே சாட்சி என்று விடைத்தாளில் எழுதினால் மார்க்கைக் குறைப்பேன். தவழ்கிற குழந்தை அதற்குள் அரை வருஷம் உலகத்தைப் பார்த்தாயிற்றே. பிறந்து ஒரு நாளான ஆட்டுக்குட்டியும் பள்ளத்தில் கால் வைக்கவில்லை என்பதுதான் அந்தப் பேச்சுக்கு வலுவான சாட்சி.

ஜூலை 16, புதன்

வகுப்பு முடிந்தது. விதி தளர்ந்து 1966இல், 55 வயதில், கார்னெலில் பேராசிரியர் ஆனார். 1992இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் என்று சொல்லி முடித்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி: "அந்த 16 வருஷச் சம்பள அரியர்ஸ் குடுத்தாங்களா மேம்?"

அடுத்து, தாய்க்கும் குழந்தைக்கும் உள்ள பிணைப்பை ஆராய்ந்த மேரி எய்ன்ஸ்வொர்த்.