மணிக்கட்டுக்கு ஒரு சாக்ஸ்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து 11 வருடமாகிறது, கையுறை என்று ஒன்று வாங்கியதில்லை. இங்கே ஜூலைதான் குளிர்காலம், அப்போதும் கடலில் குளிக்கிற ஊர் இது. அதனால் மனைவியின் மாமா டிராகன்ஸ்பெர்க் மலைக்குக் கூப்பிட்டபோது, தோட்ட வேலைக்கு வைத்திருந்த பருத்திக் கையுறையைப் பையில் போட்டுக்கொண்டேன். மாமா அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

சென்டினல் மலையடியில் வண்டி நிறுத்துகிற இடமே சுமார் 2,500 மீட்டர் உயரம். விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று உறைபனி. அங்கிருந்து நடந்தால் செங்குத்துப் பாறையில் இரும்பு ஏணி தொங்குகிறது, இரண்டு கட்டமாக. அதற்குள் பாறைகளைப் பிடித்துப் பிடித்து என் கையுறை நனைந்திருந்தது. ஈரப் பருத்தியில் சூடு தங்காது. போதாக்குறைக்கு இரும்பு, இருக்கிற சூட்டையும் இழுத்துக்கொண்டது. ஒவ்வொரு படிக்கும் கையைத் தூக்கத் தூக்க ஜாக்கெட் கை கீழே இறங்கி, மணிக்கட்டில் காற்று நேராக அடித்தது. பாதி ஏணியில், விரல் கம்பியைப் பிடித்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மேலே போனதும் மாமா, "கவண் சுத்துற மாதிரி கையைச் சுத்துங்க மாப்பிள்ளை" என்றார். சுற்றினேன். அந்த வேகத்தில் ரத்தம் விரல் நுனிக்குத் தள்ளப்படுமாம். வந்தது, கூடவே ஊசி குத்துகிற வலியும் வந்தது. 900 மீட்டருக்கு மேல் விழுகிற துகேலா அருவியின் விளிம்பில் நின்றுகொண்டு, அதைப் பார்க்காமல் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்!

அப்புறம் அவர் பையிலிருந்து இரண்டு குழாய்களை எடுத்தார். பழைய கம்பளிச் சாக்ஸ். நுனியை வெட்டி, கட்டைவிரலுக்கு ஓட்டை போட்டது. உள்ளங்கையில் தொடங்கி முழங்கை வரை ஏறியது. நாடி பிடித்துப் பார்க்கிற இடத்தில் ரத்தக்குழாய் தோலை ஒட்டியே ஓடுகிறது, மேலே சதை கிடையாது. அங்கே ஆறிப்போன ரத்தம்தானே விரலுக்குப் போகும்? நான் விரலையே மூடிக்கொண்டிருந்தேன். உடம்பு குளிர்ந்தால் விரலுக்குப் போகிற ரத்தத்தை உடம்பே குறைத்துவிடும் என்பதால், மாமா தொப்பியையும் என் தலையில் அழுத்தினார். கைத்தடியின் வாரை மணிக்கட்டில் இறுக்கியிருந்தேன். அதற்கும் ஒரு திட்டு.

இறங்கும்போது ஏணி அதே ஏணிதான், விரல் என் விரலாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோலோடு அலமாரியைத் திறந்தேன். மகள் தன் பள்ளிச் சாக்ஸையெல்லாம் அள்ளிக்கொண்டு ஓடிவிட்டாள்.