வார் மாட்டாமல் டெக்கில் கால் வைக்காதீர்கள்

மூன்று இரவுகள் பாய்மரப் படகில் கடலில் இருந்துவிட்டு நேற்றுதான் இறங்கினேன். இன்னும் தரை ஆடுகிறது. என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உடம்பைப் படகோடு இணைத்து வைக்கும் அந்த வார் விஷயத்தைச் சொல்லாமல் எதுவும் ஓடவில்லை.

படகு வாடகைக்கு விட்டவர் லைஃப் ஜாக்கெட்டைச் சும்மா கொடுத்தார். ஜாக்கெட்டையும் படகையும் இணைக்கிற டெதர் வாருக்கு மட்டும் தனிக் காசு கேட்டார். எண்ணி எண்ணிச் செலவு செய்கிற பயணம், வயிறு எரிந்தது. ஆனாலும் கொடுத்துவிட்டேன். ஜாக்கெட் விழுந்த பிறகு மிதக்க வைக்கும், வார்தான் விழாமல் காக்கும். அதற்குக் கூடுதல் கட்டணம் என்பது அநியாயம்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 6 கடல் மைல் வேகத்தில் போகிற படகு நொடிக்கு 3 மீட்டர் நகர்கிறது. ஒருவர் விழுந்த பிறகு பாயைத் தளர்த்தித் திருப்ப ஒரு நிமிடம் ஆனாலே 180 மீட்டர் தள்ளிப் போயிருப்போம். அலைகளுக்கு நடுவே மனிதத் தலை அந்தத் தூரத்தில் கண்ணுக்கே படாது. இரவில் கேட்கவே வேண்டாம்.

இரண்டாம் நாள் இரவு காற்று ஏறியது. பாயைச் சுருக்கலாமா என்ற எண்ணம் வந்த உடனேயே சுருக்கிவிட வேண்டும் என்பது எங்கள் ஸ்கிப்பரின், அதாவது படகுத் தலைவரின், கொள்கை. அருமையான மனிதர். அன்று பாயைச் சுருக்கப் பாய்மரத்தடிக்குப் போக வேண்டியது என் முறை. உள்ளே படியில் நிற்கும்போதே கொக்கியை மாட்டிக்கொண்டு, காற்று வரும் பக்கமாகத் தவழ்ந்தே போனேன். நெடுக இழுத்துக் கட்டியிருக்கும் ஜாக்லைன் பட்டையில் குட்டை வாரைத்தான் மாட்டினேன். நீள வார் என்றால் விளிம்பைத் தாண்டி விழுந்து, ஓடுகிற படகோடு தண்ணீரில் இழுபட்டே மூழ்க நேரலாம். பாதி வழியில் ஓர் அலை படகின் மேல்தளமான டெக் முழுக்க அடித்துக்கொண்டு வந்தது. கால் வழுக்கியது, நெஞ்சில் வார் வெடுக்கென்று இழுத்தது, நின்றுவிட்டேன். அந்த இழுப்பை இப்போதும் உணர்கிறேன்.

அப்புறம் ஒன்று: கொக்கி எதிலும் சிக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். 2017-இல் உலகைச் சுற்றும் பந்தயம் ஒன்றில், டெக்கில் கயிறு கட்டுவதற்காக இருந்த கிளீட் என்ற முளைக்கு அடியில் சிக்கிய கொக்கி பக்கவாட்டு இழுப்பில் வளைந்து திறந்துகொண்டது. ஒருவர் கடலில் விழுந்து இறந்துபோனார்.

பாயின் அடிப்பகுதியைத் தாங்கும் கிடைக்கம்பான பூம் திடீரென்று மறுபக்கம் அடித்தால் மண்டை உடையும், அதனால் காற்று பின்னாலிருந்து வரும்போது அதைக் கயிறு போட்டு முன்பக்கம் இழுத்துக் கட்டினோம். இரவுக் காவலில் தனியாக யாரும் படகை ஓட்டுகிறவர் உட்காரும் பள்ளமான காக்பிட்டை விட்டு வெளியேறக் கூடாது என்று விதி. சிறுநீர் கழிக்க விளிம்பில் நிற்பதும் கூடாது, உள்ளே கழிப்பறை இருக்கிறது.

மூன்றாம் இரவு படகு கிழித்த தண்ணீரெல்லாம் நீலமாக மின்னியது. வார் மாட்டியிருந்ததால் பயமில்லாமல் விடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்!

அடுத்த பயணத்துக்குள் குட்டையும் நீளமுமாக இரண்டு பிரிவு உள்ள வார் ஒன்றைச் சொந்தமாக வாங்கிவிடுவேன். பை, மழைக்கோட்டு எல்லாம் இரவல் போதும்.