உரப்பையில் தக்காளி: வட்டக்கச்சி முற்றத்தில் நான்கு மாதம்

சென்ற ஆண்டு, கிளிநொச்சி வட்டக்கச்சியில் எங்கள் வீட்டுக் கோடியில் (பின்வளவில்) நட்ட இருபது தக்காளிக் கன்றுகளில் பதினேழு, பூக்கும் முன்பே செத்துப்போயின. காலையில் நிமிர்ந்து நிற்கும் கன்று மத்தியானம் தலை தொங்கும், மாலையில் கொஞ்சம் தெளியும், மூன்றாம் நாள் இலை பச்சையாக இருக்கும்போதே முழுவதும் வாடிவிடும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் இன்னும் ஊற்றினேன். வயலிலிருந்து வந்த பெரியப்பா ஒரு கன்றைப் பிடுங்கினார். தண்டின் அடியைக் கத்தியால் குறுக்கே வெட்டி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் வெட்டுவாய் மட்டும் படும்படி பிடிக்கச் சொன்னார். கையை அசைக்காமல் பிடித்திருந்தேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். வெட்டுவாயிலிருந்து பால் நூல் போல ஏதோ தண்ணீருக்குள் இறங்கத் தொடங்கியது.

"இது பக்டீரியா வாடல், தம்பி. நோய் மண்ணில் இருக்கிறது. நீ ஊற்றுகிற தண்ணீர்தான் அதைப் பக்கத்துக் கன்றுக்குக் கொண்டுபோகிறது" என்றார்.

எங்கள் கோடியில் அம்மா பல ஆண்டுகளாகக் கத்தரியும் மிளகாயும் மாறி மாறி வைத்தவர். கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றும் ஒரே குடும்பம், நோயும் ஒன்றுதான். அந்த மண்ணில் இனி இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத் தக்காளி வைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். அதனால் இந்த முறை மண்ணைத் தொடாமல், முற்றத்தில் சாடியிலும் உரப்பையிலும் வளர்த்துப் பார்த்தேன். வன்னி வெயிலில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு உதவும் என்று என் குறிப்புக் கொப்பியில் இருந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மண். செப்டெம்பரில், சிறுபோக அறுவடை முடிந்து காய்ந்துகிடந்த பெரியப்பாவின் வயலிலிருந்து பத்து மூட்டை மண் ஏற்றிவந்தேன். ஒரு போகம் முழுவதும் தண்ணீர் நின்ற வயலில் இந்த வாடல் பக்டீரியா வெகுவாகக் குறைந்துவிடும். நெல்லுக்குப் பின் தக்காளி வைப்பதன் காரணமும் அதுதான். வயல் மண் தனியாக இறுகிவிடும். ஆகவே மண் இரண்டு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, தும்புத் தூள் ஒரு பங்கு, கைக்கு அகப்பட்ட அளவு மணல் என்று கலந்தேன். தும்புத் தூளில் உப்பு இருக்கும். மூன்று தடவை ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேர்த்தேன். கூட்டெரு சொந்தமாகச் செய்தது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தபோது வேறு வழியில்லாமல் கற்றுக்கொண்ட வேலை அது. இன்று பசளை கடையில் கிடைத்தாலும் நான் கூட்டெருக் குவியலை விடுவதாக இல்லை.

கொள்கலன் பதின்மூன்று. எட்டு, வெள்ளை உரப்பைகள். வாயைப் பாதி வரை மடித்து, அடியில் ஆறு ஓட்டை போட்டவை. ஐந்து, கடையில் வாங்கிய கறுப்புப் பிளாஸ்டிக் சாடிகள். சாடிகள்தான் பார்வைக்கு அழகு. அவற்றை வாசலுக்கு நேரே மேற்கு வெயில் படும் இடத்தில் வைத்தேன். அதன் பலனைப் பின்னால் சொல்கிறேன்.

விதை திலின இனம், டிசெம்பர் 18இல் போட்டது. நாற்றுத் தட்டுகளின் மேல் பழைய நுளம்பு வலையைக் கூடாரம் போலக் கட்டி, ஓரங்களில் செங்கல் வைத்து மூடினேன். இலைச்சுருளைக் கொண்டுவரும் வெண் ஈ நாற்றுப் பருவத்தில் தொட்டுவிட்டால் அந்தக் கன்று பிறகு தேறாது. பதின்மூன்றில் ஒன்றுகூட இலை சுருளவில்லை. இந்தப் பயிர் முழுவதிலும் செலவே இல்லாமல் கிடைத்த மிகப் பெரிய நன்மை இந்த வலைதான். தைப்பொங்கலுக்கு மறுநாள் கன்றுகளை இடம் மாற்றினேன்.

ஏன் நாட்களை இப்படி எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்றால், தக்காளி யாருக்காகவும் காத்திருக்காது. பழைய நெல்லினங்கள் சில, எப்போது விதைத்தாலும் பகல் குறுகும் காலம் வரும்வரை கதிர் விடாமல் நிற்கும். 1920இல் கார்னர், அலார்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் இதே குணத்தைப் புகையிலையில் கண்டு எழுதினார்கள். தக்காளிக்கு அந்தக் கணக்கு இல்லை. பகல் நீண்டாலும் குறுகினாலும் வயது வந்தால் பூத்துவிடும். அதிலும் திலின போன்ற குட்டை இனங்கள், உயரமாக வளரும் தக்காளி போல மாதக்கணக்கில் நீண்டுகொண்டே போவதில்லை. முதல் மாதத்தில் கன்றுக்கு ஒரு வாரம் சுணக்கம் வந்தால் அந்த வாரம் திரும்பி வராது. கன்று சிறிதாக இருக்கும்போதே பூத்து, அந்த அளவுக்கே காய்க்கும். இன்னொரு பக்கம் வெயில். இரவு வெப்பம் 24 பாகைக்கு மேல் நிலைத்துவிட்டால் பூ பிஞ்சாவது குறையும். வன்னியில் அந்த நிலை பங்குனியிலேயே வந்துவிடுகிறது. மழை ஓய்வதற்கும் இரவு சூடாவதற்கும் இடையில் இருக்கும் சில வாரங்கள்தான் நமக்கு.

பெப்ரவரி 7: உரப்பைகளில் முதல் பூ. கறுப்புச் சாடிகளில் கன்று ஒரு சாண் குள்ளம். ஒரே விதை, ஒரே மண், ஒரே தண்ணீர். மத்தியானத்தில் சாடிக் கன்றுகள் தொங்குவதைக் கண்டபோது மறுபடியும் வாடல் நோய் வந்துவிட்டது என்று பயந்துபோனேன். ஒன்றை வெட்டிக் குவளைத் தண்ணீரில் பிடித்துப் பார்த்தேன். பால் நூல் இறங்கவில்லை.

பெப்ரவரி 20, பிற்பகல் மூன்று மணி. வெப்பமானியைச் சாடியின் மேற்கு விளிம்பை ஒட்டி நான்கு விரல் ஆழத்தில் செருகினேன்: 43 பாகை. உரப்பையில் அதே ஆழத்தில் 34. வெட்டிய கன்று நின்ற சாடியைக் கவிழ்த்து மண்கட்டியை முழுதாக வெளியே எடுத்தேன். கிழக்குப் பக்கம் வெள்ளை வேர் வலை பின்னியிருந்தது. மேற்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு வேர் எல்லாம் பழுப்பு. விரலால் தேய்த்ததும் தோல் கழன்று நூல் மட்டும் கையில் வந்தது. வேர் வெந்திருந்தது. மண் ஈரமாக இருந்தும் கன்று வாடியதன் காரணம் கையில் இருந்தது.

அன்று மாலையே மீதி நான்கு சாடிகளையும் ஒவ்வோர் உரப்பைக்குள் இறக்கி, இடைவெளியில் வைக்கோலை அடைத்தேன். எல்லாவற்றையும் மாமரத்துக்குக் கிழக்கே மாற்றினேன். அங்கே காலை வெயில் முழுதாகக் கிடைக்கும், இரண்டு மணிக்குப் பின் நிழல் விழும். மேற்குப் பக்கம் ஒரு கிடுகுத் தட்டியையும் கட்டினேன். ஒரு வாரத்துக்குள் விளிம்பு வெப்பம் 33க்கு இறங்கியது, கன்றுகளும் தெளிந்தன. ஆனால் இழந்த இருபது நாள் இழந்ததுதான். கடைசிவரை அவை உரப்பைக் கன்றுகளை எட்டவில்லை. வெயிலில் செடி வளர்ப்பவர்கள் இலையைப் பார்க்கிறோம், இலைக்கு நிழல் தேடுகிறோம். நிலத்தில் வேர் கீழே குளிர்ச்சியைத் தேடிப் போய்விடும். சாடிக்குள் அதற்குப் போக இடமில்லை.

பூக்கள் பற்றி ஒன்று. தக்காளிப் பூவின் நடுவில் மகரந்தக் குழல்கள் சேர்ந்து ஒரு மஞ்சள் கூம்பாக இருக்கும். அதை அதிர வைத்தால்தான் மகரந்தம் உதிரும். தேனீ அதைச் செய்யாது. எங்கள் வேலியின் பட்ட கதியால்களைக் குடைந்து குடியிருக்கும் பெரிய கருவண்டு செய்யும். காலை எட்டு மணியளவில் அது பூவைத் தழுவிப் பிடித்துக்கொண்டு, சிறகை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிர வைக்கும். ரீங்காரம் அந்த நேரம் வேறு சுருதிக்கு ஏறுவதைப் பக்கத்தில் நின்றால் கேட்கலாம். அதன் வயிற்றில் மஞ்சள் தூள் அப்பியிருக்கும். வண்டு வராத நாட்களில் நான் பூங்கொத்தின் காம்பை விரலால் தட்டிவிட்டேன். பட்ட கதியால்களை மாற்ற வேண்டும் என்று தம்பி நிற்கிறான். மூன்றையாவது விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் தொடக்கத்தில் அடுத்த துன்பம். எலுமிச்சை அளவு காய்களின் அடிப்பக்கத்தில் கறுப்புக் காசு போல ஒரு தழும்பு. தொட்டால் தோல் உலர்ந்து குழிந்திருந்தது. பதினொரு காய் போயிற்று. பக்கத்து வீட்டு அக்கா கல்சியம் குறைவு என்று சொல்லி, ஒரு வாரம் சேர்த்த முட்டைக் கோதை இடித்துக் கொண்டுவந்து தந்தார். அவருடைய அன்பை மறக்க மாட்டேன். ஆனால் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கல்சியத்துக்குப் பஞ்சமில்லை. கேத்தலின் அடியைப் பார்த்தால் தெரியும், வெள்ளைப் படை சுரண்ட வராது. குறை தண்ணீர் ஊற்றும் முறையில் இருந்தது. காலையில் ஒரு வாளி ஊற்றிவிட்டு வேலைக்குப் போய்விடுவேன். மாலையில் வரும்போது பை எடை குறைந்து வறண்டிருக்கும். கல்சியம் தண்ணீரோடுதான் காய்க்குப் போகிறது. தண்ணீர் நின்று நின்று போனால் காயின் நுனிக்கு அது எட்டாது. காலையில் இரண்டு லீற்றர், மாலையில் ஒன்றரை என்று பிரித்தேன். மண்ணின் மேல் நான்கு விரல் தடிப்புக்கு வைக்கோல் பரப்பினேன். அதன் பின் பிடித்த காய்களில் தழும்பு வரவில்லை.

மயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வன்னியில் தோட்டம் செய்பவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. சிவப்பு தெரிந்தால் விடியற்காலையில் வந்து கொத்திவிடும். காய் வெளிறி, அடியில் இளஞ்சிவப்பு இலேசாகத் தெரியும் நாளிலேயே பறித்து வீட்டுக்குள் பனையோலைப் பெட்டியில் வைத்தேன். அந்தக் கட்டத்துக்குப் பின் பழம் செடியில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நான்கைந்து நாளில் முழுதாகப் பழுத்துவிடும். கொடியிலேயே பழுத்ததோடு ஒப்பிட்டு அம்மாவிடம் சொல்லாமல் சொதி வைக்கக் கொடுத்தேன். வித்தியாசம் தெரியவில்லை என்றார்.

முதல் பறிப்பு மார்ச் 19. ஏப்ரல் நடுப்பகுதி வரை நன்றாக வந்தது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. மத்தியானத்தில் வேலிக் கட்டைக்குக்கூட நிழல் இல்லை. விறாந்தையில் விடியற்கால வெப்பமே 27 பாகை. பூக்கள் வந்தன, நிற்கவில்லை. பூக்காம்பின் நடுவில் முழங்கை போல ஒரு மூட்டு இருக்கும். முதலில் அது மஞ்சளாகும், மறுநாள் காற்றுப் பட்டாலே அந்த இடத்தில் ஒடிந்து விழும். ஒரு காலையில் ஒரே பையின் கீழே இருபத்து மூன்று பூக்களைப் பொறுக்கினேன். நிழல் வலை கட்டியும் பார்த்தேன். பகல் வெயிலை அது குறைத்தது, இரவுச் சூட்டை என்ன செய்ய முடியும்? ஏப்ரல் 25இல் பிடித்த காய்களை மட்டும் வைத்துக்கொண்டு புதிய பூக்களைக் கிள்ளிவிட்டேன்.

மொத்தமாக எட்டு உரப்பைகளில் 17 கிலோ 400 கிராம், நான்கு சாடிகளில் 3 கிலோ 900 கிராம். அடுத்த முறை விதையை நவம்பர் நடுப்பகுதியிலேயே போடப்போகிறேன். கார்த்திகை மழைக்கு நாற்றின் மேல் நுளம்பு வலையோடு கண்ணாடி பொலித்தீனும் கட்ட வேண்டிவரும். அதற்கான கம்புகளை வெட்டி வைத்துவிட்டேன். கறுப்புச் சாடிகளுக்கு வெளியே சுண்ணாம்பு இரண்டு தடவை பூசியாயிற்று.

கோடியில் நோய் பிடித்த மண்ணில் சோளன் போட்டிருக்கிறோம். உரப்பை மண் சும்மா கிடக்க வேண்டாம் என்று அம்மா பயறு ஊன்றினார். எட்டுப் பையிலும் நேற்றுக் காலை முளைத்திருந்தது.