கேட் ரெஜிஸ்டர்ல பேர் இல்லாத பசங்க

காலேஜ் லைப்ரரில வேலை பாக்குறவங்க கிட்ட உங்க லைப்ரரி எப்படி போகுதுன்னு கேட்டா முதல்ல ஒரு நம்பர்தான் சொல்லுவாங்க, இன்னைக்கு இத்தன பேர் வந்தாங்க, இத்தன புக் இஷ்யூ ஆச்சுன்னு. காலேஜுக்கு தரம் போடுற நாக் டீம் வந்தப்பவும் அதத்தான் கேட்டாங்க, வாசல்ல இருக்குற கேட் ரெஜிஸ்டர புரட்டிப் பாத்து ஒரு நாளைக்கு சராசரி எவ்ளோன்னு கணக்கு எடுத்தாங்க. அந்தக் கணக்கும் வேணும்தான். ஆனா இத்தன வருஷம் இந்த வேலைல இருந்த பிறகு எனக்கு மனசுல ஓடுறதெல்லாம் அந்த ரெஜிஸ்டர்ல ஒரு தடவ கூட கையெழுத்து போடாத பசங்களப் பத்தித்தான். மூணு வருஷம் படிச்சு முடிச்சு, கடைசில பாக்கி எதுவும் இல்லன்னு காட்டுற நோ டியூ ஃபார்ம்ல சீல் வாங்கத்தான் முதல் தடவையா உள்ள வர்ற பசங்க ஒவ்வொரு பேட்ச்லயும் இருக்காங்க. அவங்களுக்கு சீல் குத்தும்போது எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடும்.

எங்களுது ஒரு சின்ன ஊர்ல இருக்குற ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் காலேஜ். பாதிக்கு மேல பசங்க அவங்க வீட்டுல முதல் ஆளா காலேஜ் வாசல மிதிக்கிறவங்க. பஸ் பிடிச்சு சுத்துப்பட்டு கிராமத்துல இருந்து வர்றாங்க. இவங்கள்ல நிறைய பேருக்கு ஸ்கூல்ல லைப்ரரின்னா ஹெச்எம் ரூம்ல பூட்டி வெச்ச ஒரு பீரோ, அவ்ளோதான். இஷ்டத்துக்கு எடுத்துப் பாத்து திருப்பி வைக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்கன்னு இவங்களுக்கு யாரும் சொன்னதே இல்ல. இப்படி வர்ற ஒரு பிள்ளை வாசல்ல ஐடி கார்டு காட்டணும், பேக்க வெளிய வைக்கணும், ரெஜிஸ்டர்ல எழுதணும், அப்புறம் கவுன்டர்ல ஒருத்தர் நிமிந்து பாத்து "என்ன புக் வேணும், ஆத்தர் யாரு"ன்னு கேட்டா என்ன சொல்லும்? அதுக்கு புக் பேரே தெரியாது. தெரிஞ்சா அது ஏன் இங்க வந்து நிக்கப் போகுது.

ஒரு தடவ பி.காம் செகண்ட் இயர் பொண்ணு ஒண்ணு வந்து ரேக் பக்கத்துல ரொம்ப நேரம் நின்னுச்சு. கிட்ட போய் "என்னம்மா வேணும்"னு கேட்டேன். "ஒண்ணும் இல்ல சார், சும்மா"ன்னு சொல்லிட்டு கிளம்பப் பாத்துச்சு. சரி உக்காரும்மா, எந்த டிபார்ட்மென்ட், எந்த சப்ஜெக்ட்ல இன்டர்னல் வருதுன்னு மெதுவா பேச்சு குடுத்த பிறகுதான் விஷயம் வெளிய வந்துச்சு. காஸ்டிங்ல பிராசஸ் காஸ்டிங் கணக்கு புரியல, கிளாஸ்ல சொன்ன புத்தகம் தடியா இங்கிலீஷ்ல இருக்கு, எந்தப் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. அவ்ளோதான். பக்கத்த காட்டி, முதல்ல இந்த மாதிரி கணக்கு மூணு போடும்மா, அப்புறம் நார்மல் லாஸ், அப்நார்மல் லாஸ் வர்ற கணக்குக்குப் போன்னு சொன்னதுக்கே அதோட மூஞ்சி மாறிடுச்சு.

அதுக்கு அப்புறம் நாங்க பண்ண ஆரம்பிச்சதுதான் யூனிட் ஷீட். ஒவ்வொரு பேப்பரோட சிலபஸையும் எடுத்து, யூனிட் 1க்கு எந்த புக், எந்தப் பக்கத்துல இருந்து எந்தப் பக்கம் வரைக்கும், அது எந்த ரேக்ல எந்த நம்பர்ல இருக்கு, அதே விஷயம் தமிழ்ல எதுல இருக்குன்னு ஒரே தாள்ல டைப் பண்ணி டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டுல ஒட்டுனோம், கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்லயும் போட்டோம். தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் அந்தக் காலத்துல காலேஜ் பாடத்துக்கு தமிழ்ல நிறைய புத்தகம் போட்டாங்க, வரலாறு, பொருளாதாரம், அரசியல், தாவரவியல்னு. எங்க அடுக்குல அதெல்லாம் தூசி படிஞ்சு கிடந்துச்சு, தமிழ் மீடியத்துல பி.ஏ. வரலாறு படிக்கிற பசங்களுக்கே அது இருக்குன்னு தெரியாது. யூனிட் ஷீட்ல அதோட நம்பர் வந்த பிறகுதான் கைக்கு கை மாற ஆரம்பிச்சுது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்நூலகத்துல பழைய புக்ஸ் நிறைய ஸ்கேன் பண்ணி இலவசமா வெச்சிருக்காங்க, அந்த லிங்க்கையும் அதே தாள்ல போட்டுடுவோம்.

நான் இதுல புதுசா எதையும் கண்டுபிடிச்சுடல, எல்லாம் ரங்கநாதன் சொல்லிட்டுப் போனதுதான். சீர்காழில பொறந்து கணக்கு வாத்தியாரா இருந்த மனுஷன், 1924ல மெட்ராஸ் யூனிவர்சிட்டி லைப்ரரியன் ஆனார், லண்டன் போய் படிச்சுட்டு வந்து இங்க அடுக்கையெல்லாம் வாசகருக்கு திறந்து விட்டார். 1931ல அவர் எழுதுன அஞ்சு விதிய லைப்ரரி சயின்ஸ் படிச்ச எல்லாருமே பரிட்சைக்கு மனப்பாடம் பண்ணிருப்போம், நாலாவது விதி வாசகரோட நேரத்த மிச்சப்படுத்துங்கிறது. ஆகஸ்ட் 12 அவர் பிறந்த நாள, தேசிய நூலகர் தினம்னு போட்டோவுக்கு மாலை போட்டு ஒரு மீட்டிங் வைக்கிறது எல்லா காலேஜ்லயும் வழக்கம். நாங்க அந்த வாரத்துல கிளாஸ் கிளாஸா போறோம். அவர் காலத்துல, அதே 1931ல, மன்னார்குடி பக்கம் மாட்டு வண்டில புத்தகத்த ஏத்திக்கிட்டு ஊர் ஊரா போயிருக்காங்க, நமக்கு ரெண்டு மாடி ஏறி கிளாஸுக்குப் போறது ஒரு தூரமா? கூட ஒரு டப்பால இருபது முப்பது புக் எடுத்துட்டுப் போவோம், அங்கயே இஷ்யூ பண்ணிடுவோம். லைப்ரரி பக்கமே வராத பையன் கைல ஒரு புக் போயிடுச்சுன்னா, திருப்பிக் குடுக்கவாவது அவன் வந்துதான ஆகணும்.

கிளாஸுக்குப் போகும்போதுதான் என்-லிஸ்ட் விஷயத்தையும் முடிக்கிறோம். யுஜிசியோட இன்ஃப்லிப்நெட் மையம் காலேஜுகளுக்காக நடத்துற ஆன்லைன் லைப்ரரி திட்டம் அது, ஜர்னல்னு சொல்ற ஆராய்ச்சி இதழ்கள், ஒரு லட்சத்துக்கும் மேல இ-புக், காலேஜ் மெம்பரா இருந்தா ஒவ்வொரு ஸ்டூடன்ட்டுக்கும் தனி ஐடி குடுக்கலாம், வீட்டுல இருந்தே படிக்கலாம். பேப்பர்ல எல்லா காலேஜும் எங்க கிட்ட இத்தன யூசர் இருக்காங்கன்னு காட்டுவாங்க, ஆனா பாஸ்வேர்டு மெயிலுக்குப் போயிடும், நம்ம பசங்க மெயில் திறந்து பாக்குறதே அட்மிஷன் அப்போ ஒரு தடவதான். அதனால கிளாஸ்லயே உக்கார வெச்சு, அவங்கவங்க போன்லயே லாகின் பண்ண வெச்சு, ஒரு புக்க தேடி ஒரு பக்கம் திறக்குற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் வர்றோம். நேரம் எடுக்குது, ஒரு பீரியட்ல பாதி கிளாஸ்தான் முடியும், மறுபடி போகணும். ஆனா இத சர்க்குலர் போட்டு நடத்த முடியாதுங்கிறது என் தீர்மானமான அபிப்ராயம்.

பார்வை இல்லாத பசங்க விஷயத்த நான் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா நிறைய லைப்ரரில அவங்களுக்குன்னு ஒரு கம்ப்யூட்டர வாங்கி கவர் போட்டு மூடி வெச்சிருக்கிறத பாத்திருக்கேன். எங்க தமிழ் டிபார்ட்மென்ட்ல ஒரு தம்பி சேந்தான். என்விடிஏன்னு ஒரு ஸ்கிரீன் ரீடர், அதாவது கம்ப்யூட்டர் திரைல இருக்குற எழுத்த வாசிச்சுக் காட்டுற சாஃப்ட்வேர், பார்வை இல்லாத ரெண்டு ஆஸ்திரேலியாக்காரங்க ஆரம்பிச்சது, இலவசம், தமிழும் படிக்கும். ஆனா படிக்கிறதுக்கு எழுத்தா இருக்கணும்ல, பிடிஎஃப்ல வெறும் படமா இருந்தா அது என்னத்த படிக்கும். அதனால பாட புக்க ஸ்கேன் பண்ணி, படத்துல இருக்குறத எழுத்தா மாத்துற ஓசிஆர் போட்டு குடுத்தோம். இப்படி மாத்திக் குடுக்குறதுக்கு காப்பிரைட் பயம் தேவையே இல்ல, 2012ல சட்டத்த திருத்தும்போதே மாற்றுத்திறனாளிகளுக்கு அவங்க பயன்படுத்துற வடிவத்துல பிரதி எடுத்துக் குடுக்கலாம்னு தெளிவா விதிவிலக்கு வெச்சுட்டாங்க, இது நிறைய காலேஜ்ல தெரியாது.

குடுத்த மறுநாள் வந்து உக்காந்தான், ஹெட்போன்ல கேட்டுட்டே இருந்தவன் நிறுத்திட்டு, "சார், இந்த வரில என்னமோ தப்பா இருக்கு"ன்னான். திருப்பி ஓட விட்டு நானும் கேட்டேன். ஓசிஆர் துணைக்கால ர-ன்னு எடுத்திருக்கு, பழைய அச்சுல ரெண்டும் ஒரே மாதிரிதான இருக்கும், "காலம்"ங்கிறது "கரலம்"னு ஆயிருக்கு. கண்ணால பாக்குறவன் தாண்டிப் போயிடுவான், காதால கேக்குறவனுக்கு ஒவ்வொரு வரிலயும் கல்லு மாட்டுற மாதிரி இருக்கு. அப்புறம் பி.ஏ. தமிழ் பசங்க கிட்ட கேட்டோம், ஆளுக்கு பத்துப் பக்கம் எடுத்துக்கிட்டு திருத்திக் குடுங்கன்னு. குடுத்தாங்க, அதுவும் ஆசையா. வழக்கமா லைப்ரரிக்கு வராத ரெண்டு மூணு பேர் அந்த வேலைக்காகவே சாயங்காலம் வந்து உக்காந்தாங்க, திருத்துறதுக்காக படிச்சதுல பாடமும் அவங்களுக்கு ஏறிடுச்சு. இப்போ அந்த ஃபைல் எல்லாத்தையும் தனியா சேத்து வெச்சிருக்கோம், அடுத்து வர்ற பிள்ளைங்களுக்கும் ஆகும்.

நேரம் இன்னொரு பெரிய பிரச்சனை. லைப்ரரி ஒம்பதரைல இருந்து அஞ்சு வரைக்கும்னா, அந்த நேரம் முழுக்க பசங்க கிளாஸ்லதான் இருக்காங்க. கிளாஸ் முடிஞ்சா ஊருக்குப் போற பஸ், அத விட்டா அடுத்தது ராத்திரிதான். ஷிப்ட் காலேஜ்ல படிக்கிற பசங்க பாதி நாள் ஜவுளிக்கடையிலயும் மெடிக்கல் ஷாப்லயும் வேலை பாக்குறாங்க. வேலைக்குப் போற பையன் எப்ப வந்து படிப்பான்? நாங்க ஸ்டாஃப்குள்ள பேசி முறை வெச்சு காலைல எட்டு மணிக்கே திறக்குறோம், முதல் பஸ்ல வந்து இறங்குற பசங்க நேரா இங்கதான் வர்றாங்க. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 படிக்கிற பிள்ளைங்க ஆறாங்கிளாஸ்ல இருந்து பன்னெண்டு வரைக்கும் சமச்சீர் புக் கேப்பாங்க, அதையும் ஒரு செட் வாங்கிப் போட்டோம். காலேஜ் லைப்ரரில ஸ்கூல் புக்கான்னு ஒரு சீனியர் புரபசர் கேட்டார். பசங்க தேடி வந்து படிக்கிற புக் எதுவா இருந்தாலும் அதுக்கு இங்க இடம் உண்டு சார்னு சொன்னேன்.

சும்மா உக்காரத்தான் வர்றாங்க, ஃபேனுக்கும் சார்ஜ் போடவும்தான் வர்றாங்கன்னு ஒரு குறை எப்பவும் வரும். வரட்டும். வீட்டுல ஒரே ரூம்ல அஞ்சு பேர் இருக்குற பிள்ளைக்கு சத்தம் இல்லாத ஒரு மேசை கிடைக்கிறது சாதாரண விஷயம் இல்ல. பொம்பளப் பிள்ளைங்களுக்கு கிளாஸுக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல நிம்மதியா உக்கார இந்த ஊர்ல வேற எந்த இடம் இருக்கு? உக்காந்தா பக்கத்துல இருக்குற ஆனந்த விகடனையாவது புரட்டும், அப்புறம் அடுத்த ரேக்குக்குப் போகும், இத நான் கண்ணால பாத்துட்டு வர்றேன்.

ஃபைன் பத்தியும் சொல்லணும். ஒரு நாளைக்கு ஒரு ரூபாதான், சின்னக் காசுதான், ஆனா லீவுல புக் ஊர்லயே மாட்டிக்கிட்டு அது எழுபது எண்பதுன்னு ஏறிட்டா அந்தப் பிள்ளை ஃபைன் கட்ட பயந்தே லைப்ரரி பக்கம் வராது, புக்கும் வராது, பிள்ளையும் வராது. வருஷத்துக்கு ஒரு வாரம் ஃபைன் இல்லாம திருப்பிக் குடுக்கலாம்னு பிரின்சிபால் கிட்ட பேசி அனுமதி வாங்குனோம். அந்த வாரத்துல வர்ற புக்ஸ பாத்தா தெரியும், எதெல்லாம் பசங்க விடாம வெச்சிருந்து படிச்சிருக்காங்கன்னு.

ரிசர்ச் ஸ்காலர்ஸ் கதை வேற. யுஜிசி 2018 விதிப்படி தீசிஸ்ல மத்தவங்க எழுத்தோட ஒத்துப்போற அளவு, அதாவது சிமிலாரிட்டி, 10 சதவீதம் வரைக்கும் இருந்தா நடவடிக்கை இல்ல, அதுக்கு மேல போனா பிரச்சனை. தீசிஸ் சப்மிட் பண்ண ஒரு வாரம் இருக்கும்போது ஓடி வந்து "சார் எப்படியாவது குறைச்சுக் குடுங்க"ன்னு நிப்பாங்க. குறைச்சுக் குடுக்குற வேலை எங்களுது கிடையாது, எங்களுக்கு அது பிடிக்கவும் செய்யாது. முதல் வருஷமே கூப்பிட்டு மேற்கோள் எப்படி போடறது, படிச்ச கட்டுரை விவரத்தையெல்லாம் ஸோட்டீரோங்கிற சாஃப்ட்வேர்ல எப்படி சேத்து வைக்கிறது, இந்திய தீசிஸ் எல்லாம் சேத்து வெச்சிருக்குற ஷோத்கங்கா தளத்துல ஏற்கனவே இதே தலைப்புல யாரு பண்ணிருக்காங்கன்னு எப்படி பாக்குறதுன்னு சொல்லிக் குடுத்துட்டா அந்த ஓட்டமே தேவைப்படாது.

இதெல்லாத்துக்கும் மேல, வாத்தியாருங்க ஒரு வார்த்தை சொன்னா வர்ற கூட்டம் நாங்க பத்து போஸ்டர் ஒட்டுனாலும் வராது. கிளாஸ்ல "இது லைப்ரரில இருக்கு, போய் மூணாவது சாப்டர் படிச்சுட்டு வாங்க, நாளைக்கு கேப்பேன்"னு ஒரு மேடம் சொன்னாங்கன்னா அன்னைக்கு மத்தியானம் இங்க உக்கார இடம் இருக்காது. அதனால புது புக் வந்தா லிஸ்ட் அனுப்பிட்டு விட்டுடாம நேரா ஸ்டாஃப் ரூமுக்கே எடுத்துட்டுப் போய் அவங்க கைல குடுத்து காட்டுறேன்.

மத்திய அரசு ஒரே நாடு ஒரே சந்தான்னு 2025 ஜனவரில இருந்து மூணு வருஷத்துக்கு 6,000 கோடி ஒதுக்கி 30 பதிப்பாளர்களோட கிட்டத்தட்ட 13,000 ஜர்னல திறந்து விட்டிருக்காங்க, நல்ல விஷயம், ஆனா அது மத்திய மாநில அரசுங்க நடத்துற நிறுவனங்களுக்குத்தான், நாங்க அந்தப் பட்டியல்ல இல்ல. எங்க பசங்களுக்கும் அது வரணும்னு போற மீட்டிங்ல எல்லாம் சொல்லிட்டுத்தான் இருக்கேன். காலியா இருக்குற அசிஸ்டன்ட் போஸ்ட்ட நிரப்புனாங்கன்னா சாயங்காலமும் ஏழு மணி வரைக்கும் திறக்கலாம், ஷிப்ட் பசங்களுக்கு அதுதான் பெரிய உதவி. இந்த வருஷம் பட்ஜெட்ல அந்த போஸ்ட்டும், பிரிச்ச புக்க கிழிக்காம ஸ்கேன் பண்ற மாதிரி ஒரு ஸ்கேனரும், தமிழ் மீடியம் பசங்களுக்கு இன்னொரு செட் பாட புக்கும் கேட்டிருக்கேன், கமிட்டி அடுத்த மாசம் கூடுது.